வீட்ல வேணாங்கறாங்க

ஜனவரி 7, புதன்

பூந்தமல்லியில் மெட்ரோக்காரர்கள் மறுபடியும் தடுப்பை நகர்த்தியிருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர்வதற்குள் முதுகு நனைந்துவிட்டது. ஷெட் வாசலில் மெக்கானிக் உத்தமன், "இன்னா சார், ஹெலிகாப்டர் செய்யறவரு பைக்ல மாட்டிகினீங்களா?" என்றான். வாரம் தவறாமல் இதைச் சொல்கிறான். நானும் தவறாமல் சிரிக்கிறேன்.

இன்று எஞ்சின் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஹெலிகாப்டர். இந்த அளவு வண்டிக்கு எல்லோரும் பெட்ரோல் எஞ்சின்தான் வைப்பார்கள். நாங்கள் டர்பைன் வைக்கிறோம் என்றதும் சிரிக்காத ஆள் இல்லை. டர்பைன் எடை குறைவு, ஆனால் பேய் வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்து மேலேயுள்ள பெரிய விசிறிக்குக் கொடுப்பது கியர்பாக்ஸ். அது என் பொறுப்பு. நான்கு வருட வேலை. இன்று அதன் காகிதத்தில் கடைசிக் கையெழுத்தைப் போட்டேன்.

ஏகாம்பரம் சார் பக்கத்தில் நின்று பார்த்தார். இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், நெமிலிச்சேரிக்காரர், எங்கள் சோதனை விமானி. வேலைக்குச் சேரும்போதே ஒரு நிபந்தனை போட்டவர். இன்று அதை ஞாபகப்படுத்தினார். "ஜாகிரு, கையெழுத்து போட்டவன் எம் பக்கத்துல குந்தணும். நான் வலது சீட்டு, நீ எடது சீட்டு. இன்னா?"

"கண்டிப்பா சார்" என்றேன். வீட்டுக்கு வந்து மனைவி மஹீராவிடம் சொன்னபோது அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி "நெசமாவா!" என்றாள். நாளைக்கே அவள் பள்ளிக்கூட ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லிவிடுவாள். சொல்லட்டும்.

ஜனவரி 19, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

வண்டியைத் தரையோடு சங்கிலி போட்டுக் கட்டி ஓட்டிப் பார்த்தோம். விசிறி முழு வேகத்தில் சுற்றும், ஆனால் வண்டி மேலே போகாது. நான் இடது சீட்டில். மீட்டர்களைப் படித்துச் சொல்வதுதான் என் வேலை. சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். திடீரென்று வண்டி ஆடத் தொடங்கியது. முதலில் இடுப்பில் தெரிந்தது, பிறகு பல்லில். ஏகாம்பரம் சார் நிதானமாக, "ஒண்ணுமில்ல, எறக்கறேன்" என்று வேகத்தைக் குறைத்தார்.

நான் பெல்ட்டைக் கழற்றினேன். கதவைத் திறந்தேன். குதித்து ஓடினேன்.

தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்தேனா? ஞாபகம் இல்லை. தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் நின்றபோதுதான் ஓடியதே தெரிந்தது. "விசிறி நிற்கும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது" என்று ஷெட் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதை எழுதியவன் நான். அதற்குக் கீழேயே நின்று மூச்சு வாங்கினேன். உத்தமன் தீயணைப்பு உருளையைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் நின்ற பிறகு ஏகாம்பரம் சார் இறங்கி வந்தார். "தல தப்புச்சு, போ" என்றார். வண்டிக்கு அடியில் ஒரு பக்க ரப்பர் அட்டை நழுவியிருந்தது, அதுதான் ஆட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் உத்தமன் அதை மாற்றிவிட்டான். கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான்.

ஜனவரி 20, செவ்வாய்

நேற்று எப்படிப் போனது என்று மஹீரா கேட்டாள். நல்லா போச்சு என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் ஏகாம்பரம் சார் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "அட்த்த வாரம் சங்கிலிய அவுத்து உடறோம். நீ குந்தறியா, இல்லியா? இருக்கறத சொல்லு" என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

என் வாயிலிருந்து வந்தது இது: "எனக்கு ஒண்ணுமில்ல சார். வீட்ல வேணாங்கறாங்க."

யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது. எங்கள் ஆபீஸில் யாராவது "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. கொடைக்கானல் டூர் வராதவன், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராதவன், இரத்த தானம் என்றதும் நழுவுகிறவன், எல்லோருக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் வேண்டாம் என்கிறாள். "வீட்ல" என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே தோண்டமாட்டார்கள். அவரும் தோண்டவில்லை. "ஆமாம்பா, லேடீஸ் பயப்படத்தான் செய்வாங்க" என்று டீயை முடித்தார்.

மஹீரா அந்த நேரத்தில் கோவில்பதாகை பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்திருப்பாள். ஒன்றும் தெரியாமல்.

ஜனவரி 30, வெள்ளி

வண்டி எழும்பிவிட்டது.

திருவள்ளூர் தாண்டி, அனுமதி வாங்கிய மைதானம். இடது சீட் காலியாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும், என் எடைக்கு ஏதாவது வைத்தாக வேண்டும். "உங்க வெயிட்டு இன்னா சார்?" என்று உத்தமன் கேட்டான். எழுபத்தெட்டு என்றேன். சிமெண்டுச் சாக்கில் மணலை அளந்து போட்டு, வாயைத் தைத்து, சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டான். அதோடு விட்டிருக்கலாம். மார்க்கரை எடுத்து மூட்டையின் நெஞ்சில் "ஜாகிர் சார்" என்று எழுதினான். "சார், இவரு எறங்கி ஓட மாட்டாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆள் உயரத்துக்கு எழும்பியது. அசையாமல் நின்றது. பூ வைத்த மாதிரி இறங்கியது. உத்தமன் அழுதேவிட்டான். புதிதாகச் சேர்ந்த என்ஜினியர் ஜெபா துப்பட்டாவைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடினாள். நான் கை தட்டினேன்.

நாலு வருஷமா நான் காத்துக் கெடந்த நிமிஷம். எம்பேர் போட்ட மணல் மூட்டை மேல போச்சு, நான் கீழ நின்னு கை தட்டுனேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இதைவிட மோசமான நாள் வராது.

காலையில் தண்ணீர் கேன் வாங்கிக்கொண்டு திரும்பினால் கூடத்தில் ஏகாம்பரம் சார். கையில் ஜாங்கிரி டப்பா. போன்கூடச் செய்யவில்லை. அத்தா எதிரே உட்கார்ந்து அவருக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் சார் மஹீராவைக் கூப்பிடச் சொன்னார். அவள் முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள்.

"யம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே. புருஷன உடும்மா. உன் பயம் எனக்குப் புரியுது. எங்க ஊட்டுக்காரியும் பயந்துகினுதான் இருந்தா. ஆனா ஒரு நாளும் போவாதேன்னு சொன்னதில்ல. நீ இன்னான்னா வேணாம்னு சொல்லிட்டியாமே."

மஹீரா என்னைப் பார்த்தாள். கேனைத் தோளில் வைத்தபடியே நின்றேன். கீழே இறக்கக்கூடத் தோன்றவில்லை.

பிறகு அவள் சொன்னாள். "ஆமா சார். நான்தான் வேணாம்னேன். எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு டீ போடப் போனாள். "பொம்பளைங்க அப்படித்தான் சார்" என்றார் அத்தா. ஏகாம்பரம் சார் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத் தைரியத்தைப் பற்றிப் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எந்த மலையில் எப்படி இறங்கினார், அப்போது அவர் மனைவி எப்படித் தாங்கினாள். மஹீரா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஒரு ஜாங்கிரி தின்றேன். எதற்குத் தின்றேன்?

பிப்ரவரி 9, திங்கள்

மஹீரா ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல டிபன் கட்டிக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம். நானாவது பேச வேண்டும். டிபனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

நோன்பு தொடங்கியது. இனி ஒரு மாதம் யாராவது இடது சீட்டைப் பற்றிக் கேட்டால் "நோன்பு சார்" என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. மஹீரா போதாதென்று நோன்பையும் கூட்டுச் சேர்க்கப் பார்க்கிறேன். சீ.

மார்ச் 1, ஞாயிறு

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ட்ரங்க் ரோட்டில் இருக்கிற எங்கள் ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்க வருகிறவனிடம்கூட அத்தா சொல்லியிருக்கிறார், மருமகள் பயப்படுகிறாள் என்று. இன்று நோன்பு திறக்கும்போது அம்மா கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "ஆம்பளய முந்தானையில முடிஞ்சு வச்சுக்க முடியுமாம்மா? அல்லாஹ் மேல பாரத்தப் போட்டு அனுப்பு" என்றார். மஹீரா "சரிங்க மாமி" என்றாள்.

அறைக்கு வந்ததும் போனை எடுத்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள். ஜெபாவின் குரல். "அக்கா, பயப்படாதீங்க அக்கா. வண்டி ரொம்ப சேஃப். சார் பண்ண கியர்பாக்ஸ் அக்கா."

போனை வைத்துவிட்டுக் கேட்டாள். "பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கியாச்சு. அந்தப் பயம் எப்படியிருக்கும்னு எனக்காவது சொல்லுங்களேன்."

சொன்னேன். குதித்து ஓடியதைச் சொன்னேன். காகிதத்தில் எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சத்தம் கேட்டாலே கை தானாகக் கதவைத் தேடுகிறது என்றேன்.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? எனக்கு லிஃப்ட்ல போனாலே பயம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தானே படியில ஏறறேன்."

தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, "அப்புறம் ஏன் என் தலையில கட்டுனீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். சுலபமாக இருந்தது, அதனால்தான். அதைச் சொல்லாமல் அவள் போனைச் சார்ஜில் போட்டேன்.

மார்ச் 4, புதன்

ஜெபா வந்து நின்றாள். "சார், கையெழுத்து போட்டவங்கதானே உக்காரணும்? நான் கியர்பாக்ஸ முழுசா பிரிச்சுப் பாத்து கையெழுத்து போடட்டுமா?" ஏகாம்பரம் சார் சரி என்றுவிட்டார். நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பல்லாகக் காட்டுகிறேன். மனதுக்குள் ஒரு அற்ப ஆசை: ஏதாவது ஒரு கீறல் கிடைக்கட்டும், என் பயத்துக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும் என்று. என் கையால் செய்த பொருளில் நானே குறை தேடுகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

ஜெபா முடித்துவிட்டாள். "சூப்பரா பண்ணியிருக்கீங்க சார்" என்றாள். கீறல் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம். இடது சீட்டில் ஜெபா. மூட்டையை உத்தமன் எடுத்து வேலி ஓரம் போட்டான். மரங்களுக்கு மேலே போய்த் திரும்பும்போது வெயில் பட்டு வண்டி பளிச்சென்று தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. என் கியர்பாக்ஸ் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு பிசிறும் இல்லை.

இறங்கியதும் ஜெபா ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே, "செம பயம் சார். பாதி வழியில அம்மான்னு கத்திட்டேன்" என்றாள். ஏகாம்பரம் சார், "ஆமாப்பா, எங்காது போச்சு" என்றார். உத்தமன் சோடா வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவு சுலபமா இது? ரெண்டு மாசமா நான் எதக் காப்பாத்திக்கினு கெடந்தேன்?

மார்ச் 21, சனி

பெருநாள். வீடு நிறைய ஆட்கள். ஆபீஸிலிருந்து ஏகாம்பரம் சார், உத்தமன், ஜெபா மூவரும் பிரியாணிக்கு வந்தார்கள். அத்தா தன் போனில் வண்டி பறந்த வீடியோவை எல்லோருக்கும் காட்டினார். காட்டிவிட்டு, "நம்ம புள்ள உக்கார வேண்டிய எடம். என்ன பண்றது, மருமவ ஒரு வார்த்த சரின்னு சொல்லியிருந்தா..." என்று இழுத்தார். மஹீரா தாளிச்சா கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"இல்லத்தா" என்றேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை. "அவ ஒண்ணும் சொல்லல. பயம் எனக்குத்தான். வண்டி ஆடுனப்ப குதிச்சு ஓடுனேன். அசிங்கமா இருந்துச்சு, அவ சொன்னான்னு பொய் சொல்லிட்டேன்."

ஏகாம்பரம் சார் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இத்த சொல்றதுக்குத்தான்யா தில்லு ஓணும்!" உத்தமன், "சார் கெத்து" என்றான். அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புள்ள உண்மைய மறைக்க மாட்டான்" என்றார். அம்மா என் தட்டில் இரண்டு துண்டுக் கறி கூடுதலாக வைத்தார்.

உடம்பே லேசாகிவிட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

மார்ச் 22, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மஹீராவிடம், "நேத்து சொல்லிட்டேன் பாத்தியா" என்றேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

"பாத்தேன். ரெண்டு பீஸ் கறி எச்சா கெடச்சுது" என்றாள். கையிலிருந்த சட்டையை உதறினாள். "பயந்தப்பவும் நீங்கதான் பாவம். ஒத்துக்கிட்டப்பவும் நீங்கதான் பெரிய மனுஷன். நடுவுல ஊரே எனக்குப் புத்தி சொல்லுச்சு. மாமி சொன்னாங்க, ஹெச்.எம். சொன்னாங்க, கடைக்கு வர்றவன்லாம் சொன்னான். நேத்து உங்களக் கட்டிப்புடிச்சாங்களே, அதுல ஒருத்தராவது எம்பக்கம் திரும்பினாங்களா? நான் தாளிச்சா ஊத்திக்கிட்டு இருந்தேன்."

கிளிப்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதித் துணியை நான் காயப்போட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஏகாம்பரம் சார் மறுபடியும் போன் செய்யாமல் வந்தார். இந்த முறை கூடத்தில் உட்காரவில்லை. நேராகச் சமையலறை வாசலுக்குப் போய் நின்றார்.

"யம்மா. அன்னிக்கு இங்க குந்திகினு உனக்கு தைரியம் சொல்லிக் குட்த்தேன். யாருகிட்ட இன்னா பேசறேன்னே தெரியாம. பெருநாளுக்கு வந்தப்பவாது ஒங்கிட்ட வந்திருக்கணும், அதுவும் பண்ல. மன்னிச்சுக்கம்மா."

"பரவால்ல சார். டீ குடிக்கிறீங்களா?" என்றாள். அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எத்தனையோ நாளாக யாராவது வந்து சொல்வார்களா என்று காத்திருந்த குரல்.

அவர் போன பிறகு யோசித்தேன். கதவைத் திறந்து ஓடியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பொய் சொன்னதற்கு அத்தாவிடம் கேட்டேன். ஜெபாவிடம்கூட என்னவோ சொல்லி வழிந்தேன்.

மஹீராவிடம் இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

இன்றும் கேட்கவில்லை. கேட்கலாமென்று சமையலறைக்குப் போனபோது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்ற பிறகும் நான் அங்கேதான் இருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

சாயங்காலம் ஏகாம்பரம் சார் போனில் கூப்பிட்டார். திங்கட்கிழமை வண்டியைக் கொஞ்சம் உயரத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். "எடது சீட்டு. வர்றியா? ஜெபாவும் ரெடியாத்தான் கீது. நீயே சொல்லு."

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். "எனக்குப் பயமா இருக்கு சார். நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அத்தா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்கத் தொடங்கினார்.

மஹீரா தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னை மன்னிச்சிடு" என்றேன்.

"எதுக்கு?" சிவப்புப் பேனாவை அவள் கீழே வைக்கவில்லை.

சொன்னேன். டீக்கடையில் அவள் பேரை இழுத்ததற்கு. அவள் எனக்காகப் பொய் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு. அம்மா புத்தி சொன்னபோது கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்ததற்கு. ஒப்புக்கொண்டதையும் ஊரைக் கூட்டி வைத்துச் செய்ததற்கு, அவளிடம் முதலில் வராததற்கு. அத்தாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்கட்டும்.

அவள் ஒரு தாளை முடித்து, மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு, அடுத்ததை எடுத்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள்.

"சரி" என்றேன்.

எழுந்திருக்கப் போனேன். அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன். ஜெபா நேத்தே சொல்லுச்சு. நீங்க உக்காந்தாலும் சரி, உக்காரலன்னாலும் சரி. எனக்கு அது பறக்கறதப் பாக்கணும். மொத நாள்லேருந்து ஆசை. நீங்க கூப்பிடவே இல்ல."

நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவளைக் கூப்பிட்டதில்லை.